ஐ.எஃப்.எஸ்.-ஐ முதலிடத்தில் போடலாமா? தூதரக வாழ்க்கையை அருகில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

முத்துநகர்வாசி:

வணக்கம். தங்கை இந்த முறை சிவில் சர்வீஸ் மெயின்ஸ் தாண்டிவிட்டாள். நேர்முகத் தேர்வுக்குப் போகும் முன் எந்தப் பணி முதலில், எது அடுத்து என்று வரிசை கொடுக்க வேண்டும். அவளுக்கு ஐ.எஃப்.எஸ்., அதாவது இந்திய வெளியுறவுப் பணி மேல்தான் கண். அம்மாவுக்குத் துளியும் பிடிக்கவில்லை. "கலெக்டர் என்றால் ஊருக்கே தெரியும். இது என்ன வேலை என்று யாரிடம் சொல்லிப் புரியவைப்பேன்?" என்கிறார். அதற்குப் பின்னால் இருக்கும் கவலை கல்யாணம். மூன்று வருடத்துக்கு ஒரு நாடு என்று அலைகிறவளை யார் கட்டுவார்கள் என்பது. அப்பா வழக்கம்போல வாய் திறக்கவில்லை.

எனக்கும் பெரிதாக ஒன்றும் தெரியாது. டிவியில் இரண்டு கொடிகளுக்கு நடுவில் நின்று கை குலுக்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான். உள்ளே இருந்தவர்கள், பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள். கூகுளில் கிடைக்கிற பதில் வேண்டாம்.

இரண்டாம்_முயற்சி:

முதலில் தங்கைக்கு வாழ்த்து. வரிசை போடும் முன் ஒன்றைக் கவனிக்கச் சொல்லுங்கள். ஐ.ஏ.எஸ்., ஐ.எஃப்.எஸ். இரண்டில் எது கிடைத்துச் சேர்ந்தாலும், அந்தப் பணியில் இருந்துகொண்டு மறுபடி சிவில் சர்வீஸ் எழுத முடியாது. "போட்டு வைப்போம், அடுத்த வருஷம் மாற்றிக்கொள்ளலாம்" என்ற கணக்கு இங்கே செல்லாது.

இடங்களும் குறைவு. வருடத்துக்கு முப்பதிலிருந்து ஐம்பது சொச்சம்தான். ஒரு காலத்தில் முதல் பத்து ரேங்க்காரர்கள் அப்படியே வெளியுறவுக்குப் போனார்களாம். இப்போது முதல் ரேங்க்காரர்களில் பெரும்பாலோர் ஐ.ஏ.எஸ். எடுப்பதால், கொஞ்சம் கீழே இருப்பவர்களுக்கும் இது கிடைக்கிறது.

தேர்வானால் முசோரியில் எல்லாருக்கும் பொதுவான அடிப்படைப் பயிற்சி. அப்புறம் தில்லியில் சுஷ்மா ஸ்வராஜ் வெளியுறவுப் பணி நிறுவனம். அதன் பிறகு ஒரு வெளிநாட்டு மொழியைத் தலையில் கட்டுவார்கள். விருப்பம் கேட்பார்கள். ஆனால் ரேங்க்கும் அமைச்சகத்தின் தேவையும் சேர்ந்துதான் முடிவு செய்யும். ஃபிரெஞ்சு கேட்டவருக்கு அரபி வந்து கெய்ரோவில் இறங்குவது சகஜம். மூன்றாம் செயலர் என்ற பதவியில் போய், மொழித் தேர்வில் தேறினால்தான் பணி உறுதியாகும். இப்போது வெளியுறவு அமைச்சராக இருக்கும் ஜெய்சங்கர்கூட 1977 பேட்ச், மாஸ்கோவில் ரஷ்ய மொழி படித்துத்தான் தொடங்கினார்.

காரசாரம்:

நம் வரிப்பணத்தில் கோட் சூட் போட்டு விருந்து சாப்பிடுகிற வேலை. போலீஸ் தொட முடியாது, சுங்கம் தொட முடியாது, வரி கிடையாது. உங்கள் தங்கை கெட்டிக்காரர், எடுத்துக்கொள்ளட்டும்.

சுவா_முதல்_சைதை_வரை:

காரசாரம் சொன்ன விருந்துக்கு நாற்காலி போட்டவன் என்ற முறையில் எழுதுகிறேன். நான் ஐ.எஃப்.எஸ். இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உதவியாளராகச் சேர்ந்து, அட்டாஷே என்ற சின்ன அதிகாரிப் பதவி வரை வந்து ஓய்வு பெற்றவன். ஒரு தூதரகத்தில் ஐ.எஃப்.எஸ். அதிகாரிகள் கைவிரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருப்பார்கள். நாடு முழுவதும் சேர்த்தே ஏறத்தாழ ஆயிரம் பேர்தான். மிச்ச வேலையெல்லாம் எங்களைப் போன்றவர்களும், அந்தந்த ஊரிலேயே எடுத்த ஊழியர்களும் பார்ப்பது.

விருந்து உண்டு. ஆனால் விருந்து முடிந்து எல்லாரும் கிளம்பிய பிறகு, யார் என்ன சொன்னார், எந்த அமைச்சர் வரவில்லை, யார் யாரோடு மூலையில் நின்றார் என்று ராத்திரி பதினோரு மணிக்கு உட்கார்ந்து எழுதி தில்லிக்கு அனுப்புகிற வேலையும் உண்டு. சின்ன ஊர்களில் சமையல்காரர் கிடைக்காது. அதிகாரியின் மனைவிதான் முப்பது பேருக்கு சமோசா பொரித்துக்கொண்டிருப்பார். ஆகஸ்ட் 15 காலையில் தூதர் கொடியேற்றி, குடியரசுத் தலைவரின் உரையை முழுவதும் வாசிப்பார். வந்திருக்கும் குழந்தைகள் பார்வையெல்லாம் சமோசா தட்டில்தான்.

இன்னொன்று எனக்கு ரொம்பப் பிடித்தது. போன நாட்டின் வெளியுறவு அமைச்சகத்துக்கு அனுப்பும் 'நோட் வெர்பால்' என்ற குறிப்பு. அதில் "நான்", "நாங்கள்" கிடையாது. "இந்தியத் தூதரகம் தங்கள் அமைச்சகத்துக்குத் தன் வணக்கத்தைத் தெரிவித்துக்கொள்கிறது" என்று தொடங்கி, "தன் மிக உயர்ந்த மதிப்பை மீண்டும் உறுதிசெய்கிறது" என்று முடிய வேண்டும். நடுவில் எவ்வளவு கோபமான விஷயம் இருந்தாலும் சரி. கையெழுத்தும் கிடையாது, சுருக்கொப்பமும் முத்திரையும்தான். எங்கள் ஆள் ஒருவரை இரண்டு நாள் காவலில் வைத்திருந்ததற்குக் கண்டனம் டைப் அடித்தபோதும் முதலிலும் கடைசியிலும் இதேதான் அடித்தேன். கை பழகிவிட்டது, வீட்டில் மாமியாருக்கு எழுதின கடிதத்தில்கூட வந்துவிடும் போலிருந்தது.

தங்கையைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். பேரன் ஸ்கூல் விட்டு வரும் நேரம்.

சட்டக்கிளி:

காரசாரம் அவர்களுக்கு ஒரு திருத்தம். "யாரும் தொட முடியாது" என்பது பாதிதான் சரி. இதற்கு அடிப்படை 1961 வியன்னா உடன்படிக்கை. அதன்படி தூதரக அதிகாரியைக் கைது செய்யக் கூடாது, தூதரகத்துக்குள் அனுமதி இல்லாமல் நுழையக் கூடாது. அதே உடன்படிக்கையின் 41-வது பிரிவு, போன நாட்டின் சட்டத்தை மதித்து நடக்க வேண்டியது அவர்கள் கடமை என்கிறது. பிடிக்கவில்லை என்றால் காரணமே சொல்லாமல் "விரும்பத்தகாதவர்" என்று அறிவித்து அனுப்பிவிடலாம்.

துணைத் தூதரகத்தில் இருப்பவர்களுக்கு அந்தப் பாதுகாப்பும் கிடையாது. அவர்களுக்குத் தனியாக 1963 உடன்படிக்கை. அலுவல் சம்பந்தப்பட்ட செயல்களுக்கு மட்டும்தான் விலக்கு. 2013 டிசம்பரில் நியூயார்க்கில் நம் துணைத் தூதரக அதிகாரி ஒருவரை, வீட்டு வேலைக்காரருக்குக் கொடுத்த சம்பளம் தொடர்பான வழக்கில் கைது செய்தது ஞாபகம் இருக்கும். அவரை அவசரமாக ஐ.நா. நிரந்தரப் பிரதிநிதிக் குழுவுக்கு மாற்றியது எதற்கு? அங்கே போனால்தான் முழு விலக்கு. ஒரே ஊர், ஒரே அதிகாரி, நாற்காலி மட்டும்தான் வேறு.

பாலைவனத்தான்:

சட்டமெல்லாம் இருக்கட்டும். கவுண்டருக்கு வெளியே நின்றவன் பக்கத்தையும் கேளுங்கள். வளைகுடாவில் பதினாறு வருடம் ஓட்டினேன். எங்கள் கேம்ப்பில் அடுத்த கட்டிலில் படுத்திருந்தவர், அறந்தாங்கிப் பக்கம், ஒரு வெள்ளிக்கிழமை காலையில் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு. நாற்பத்தொரு வயது.

உடலை ஊருக்கு அனுப்ப என்னென்ன வேண்டும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. ஆஸ்பத்திரி இறப்புச் சான்று, போலீஸ் கிளியரன்ஸ், ஊரிலிருந்து குடும்பத்தார் கையெழுத்துப் போட்ட சம்மதக் கடிதம், கஃபீலின் (விசா எடுத்துக் கொடுத்த முதலாளி) ஒப்புதல், உடல் கெடாமல் பதப்படுத்தியதற்கான எம்பாமிங் சான்று. தூதரகம் பாஸ்போர்ட்டை ரத்து செய்து தடையில்லாச் சான்று தந்தால்தான் ஏர்லைன்ஸ்காரன் கார்கோவில் ஏற்றுவான். கம்பெனியின் பி.ஆர்.ஓ. முதல் நாள் தலைகாட்டினான். அப்புறம் போனையே எடுக்கவில்லை.

தூதரகத்தில் ஜன்னலுக்கு உள்ளே இருந்தவர் என் முகத்தையே பார்க்கவில்லை. "லெட்டர் ஒரிஜினல் இல்லை, போ" என்றார். அந்த ஊர் வெயிலில் மூன்று மணி நேரம் நின்று கேட்டது அந்த ஒரு வார்த்தை. அசிங்கமாகக்கூட இல்லை, சும்மா வெறுமையாக இருந்தது. வெளியில் வந்து உட்கார்ந்திருந்தேன். உள்ளே கோப்பு தூக்குகிற ஊழியர் ஒருவர், நாகர்கோவில் பேச்சு, என்ன தம்பி என்று கேட்டார். விவரம் சொன்னதும் ஃபேக்ஸ் நம்பரைக் கொடுத்து, ஊரில் தாசில்தார் அலுவலகத்தில் என்ன எழுதி வாங்க வேண்டும் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதித் தந்தார். அதிகாரி ஒரு பெண், வயது முப்பது இருக்காது. அவரிடம் அந்த ஊழியரே கொண்டுபோய்க் காட்டினார். அந்தப் பெண் அன்று சாயங்காலமே கம்பெனிக்குப் போன் போட்டார். ஒன்பதாம் நாள் திருச்சி ஏர்போர்ட் கார்கோ வாசலில் பெட்டியை வாங்கினார்கள்.

இப்போது 'மதத்' என்ற வெளியுறவு அமைச்சகத் தளத்தில் ஆன்லைனில் புகார் கொடுக்கலாம், 2015-ல் வந்தது. நலநிதியும் இருக்கிறது, காசில்லாதவன் உடலை அந்தப் பணத்தில் அனுப்பலாம். அப்போது எங்களுக்கு அதெல்லாம் யார் சொன்னது?

தங்கையிடம் இதைச் சொல்லுங்கள். அந்தப் பெண் அதிகாரிக்குத் தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. ஆனால் போனை எடுத்தார்.

காரசாரம்:

பாலைவனத்தான், இதற்கு மேல் நான் பேச என்ன இருக்கிறது. விருந்துப் பேச்சை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஜன்னலுக்கு உள்ளே இருந்த அந்த ஆளைப் பற்றிய கோபம் மட்டும் அப்படியே இருக்கட்டும்.

மலைச்சாரல்:

அம்மாவின் கல்யாணக் கவலைக்கு வருகிறேன். அம்மாவிடம் சொல்லுங்கள், அவர் கேட்கிற கேள்வியைச் சட்டமாகவே எழுதி வைத்திருந்தார்கள். சி.பி. முத்தம்மா, குடகுக்காரர். சென்னையில் மகளிர் கிறிஸ்தவக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்தவர். 1949-ல் இந்தப் பணியில் சேர்ந்த முதல் பெண். கல்யாணம் செய்துகொண்டால் வேலையை விட்டுவிடுகிறேன் என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் சேர்த்தார்கள். 1961 விதிகளில், பெண் அதிகாரி கல்யாணம் செய்ய அரசிடம் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும், குடும்பப் பொறுப்பு வேலைக்கு இடைஞ்சல் என்று அரசு நினைத்தால் ராஜினாமா செய்யச் சொல்லலாம் என்று இருந்தது. கல்யாணமான பெண்ணுக்கு இந்தப் பணியில் சேர உரிமையே இல்லை என்று இன்னொரு விதி. ஆண்களுக்கு இப்படி ஒன்றும் கிடையாது.

பதவி உயர்வு மறுக்கப்பட்டபோது முத்தம்மா உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே பதவி உயர்வு கொடுத்தார்கள். அது எப்படி அந்த நேரம் பார்த்துத் தகுதி வந்ததோ தெரியவில்லை! 1979-ல் நீதிபதி கிருஷ்ணய்யர் மனுவை முடித்துவைத்தார், ஆனால் அந்த விதிகளை வறுத்தெடுத்துவிட்டார். கல்யாணமான ஆணுக்கு இருக்கிற உரிமை கல்யாணமான பெண்ணுக்கு மட்டும் எப்படி இல்லாமல் போகும் என்பதுதான் கேள்வி. முத்தம்மா கடைசிவரை கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஹங்கேரி, கானா, நெதர்லாந்து என்று தூதராக இருந்துவிட்டு ஓய்வு பெற்றார். 2001-ல் சோகிலா ஐயர் வெளியுறவுச் செயலர் ஆனார், முதல் பெண். அப்புறம் நிருபமா ராவ், சுஜாதா சிங்.

ஆண்களுக்கும் ஒரு கட்டுப்பாடு இருந்தது, வெளிநாட்டுப் பெண்ணைக் கட்டக் கூடாது என்று. கே.ஆர். நாராயணன் ரங்கூனில் இருந்தபோது பர்மியப் பெண்ணை விரும்பினார். நேருவிடம் விசேஷ அனுமதி வாங்கித்தான் கல்யாணம் நடந்தது. பின்னால் அந்த அம்மா ராஷ்டிரபதி பவனில் இருந்தார் என்பது தனிக் கதை.

இன்றைக்கு விதி இல்லை. சிக்கல் இல்லை என்று சொல்லமாட்டேன். கணவன் வேலை என்னாவது என்பதுதான் இப்போது கேள்வி. தூதரக அதிகாரியின் துணைவர் போன ஊரில் வேலை பார்க்க வேண்டுமானால் இரண்டு நாடுகளுக்கும் நடுவில் அதற்கென்று ஒப்பந்தம் இருக்க வேண்டும். சில நாடுகளோடு இருக்கிறது, பலவற்றோடு இல்லை.

வடமராட்சியான்:

எங்கட பக்கத்திலிருந்து ஒரு குறிப்பு. இலங்கையிலும் வெளிநாட்டுச் சேவைக்கு வேறாகப் பரீட்சை இருக்கு, பயிற்சி கொழும்பிலே. என் மச்சாள் ஒருத்தி இரண்டு தரம் எழுதிப் பார்த்தாள், சரிவரவில்லை.

உங்கட அம்மாவுக்கு இன்னொரு பெயரும் சொல்லலாம். எங்கட வட்டுக்கோட்டையில் 1915-ல் பிறந்த எஸ். ராஜரத்தினம், சிங்கப்பூரின்ரை முதல் வெளிநாட்டு அமைச்சர். 1965-ல் நாடு பிறந்த நாளிலிருந்து 1980 வரை அந்தக் கதிரையில் இருந்தவர். பத்திரிகையாளராக இருந்தவர், தூதரகம் ஒன்றும் இல்லாத நாட்டுக்கு முதல் ஆளிலிருந்து தேடிப் பிடிக்க வேண்டி இருந்தது. அப்பிடிப் பார்த்தால் உங்கட தங்கைக்குக் கிடைப்பது கட்டி முடித்த வீடு.

2010-ல் யாழ்ப்பாணத்தில் இந்தியத் துணைத் தூதரகம் திறந்த பிறகு விசாவுக்குக் கொழும்பு ஓடுகிற பாடு குறைந்தது. அங்கே தமிழ் தெரிந்த அதிகாரி இருந்தால் ஊரில் வரும் கதையே வேறு. அவர் எந்தக் கோயில் திருவிழாவுக்கு வந்தார், எங்கே பேசினார் என்று பேப்பரில் வரும்.

சுவா_முதல்_சைதை_வரை:

மலைச்சாரல் எழுதியதை மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். "என்னை எந்த விதியும் தடுக்கவில்லை, ஆனால் டீச்சர் வேலையை நாலு தடவை விட்டேன்" என்றாள். அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நான் முதலில் சுவாவுக்குப் போன கதை. ஃபிஜியின் தலைநகர். 1987 ராணுவப் புரட்சிக்குப் பிறகு உறவு கெட்டு, 1990-ல் நம் ஹைகமிஷனை மூட வைத்தார்கள். 1999-ல்தான் திரும்பத் திறந்தது. அடுத்த வருடமே இன்னொரு புரட்சி, இந்திய வம்சாவளிப் பிரதமரை 56 நாள் பாராளுமன்றத்தில் பிணையாக வைத்திருந்தார்கள். அது அடங்கிய பிறகு போய்ச் சேர்ந்தேன். (காமன்வெல்த் நாடு என்பதால் தூதரகம் ஹைகமிஷன், தூதர் ஹைகமிஷனர். வேலை ஒன்றுதான்.) அங்கிருந்துதான் துவாலு, கிரிபாட்டி போன்ற சின்னச் சின்னத் தீவு நாடுகளையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒரு நாள் எழுபதைத் தாண்டிய பெரியவர் ஒருவர் வந்தார். கரும்புத் தோட்டத்துக் கை. அப்போது பி.ஐ.ஓ. கார்டு இருந்தது, வம்சாவளிச் சான்று காட்ட வேண்டும். அவர் கையில் ஒரு ஜெராக்ஸ். அவருடைய தாத்தா 1900-களில் சென்னைத் துறைமுகத்தில் கப்பல் ஏறியபோது எழுதின ஒப்பந்தக் கூலிப் பாஸ். கிர்மிட் பாஸ் என்பார்கள். கப்பல் பெயர், எண், அப்பா பெயர், வயது, சாதி, உயரம், உடம்பில் என்ன தழும்பு, ஜில்லா, தாலுகா, கிராமம் எல்லாம் இருக்கும். ஜில்லா வட ஆற்காடு என்பது தெரிந்தது. தாலுகா பெயரை அந்தக் காலத்துக் குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியிருந்தான். பெரியவரால் சொல்லத் தெரியவில்லை, அவருக்குத் தமிழ் கிடையாது, ஃபிஜி இந்திதான். தமிழில் அவருக்குத் தெரிந்தது நாண்டி முருகன் கோயிலில் பாடுகிற காவடிப் பாட்டில் இரண்டு வரி. நான் அந்த எழுத்துகளை இப்படியும் அப்படியும் நாலைந்து விதமாக வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன். திடீரென்று பிடிபட்டது, போளூர். எனக்குத் தெரிந்த ஊர், என் சித்தி வீடு ஆரணியில். பஸ்ஸில் எத்தனை தடவை தாண்டிப் போயிருக்கிறேன்.

"போளூர்" என்றேன். அவர் ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். "போலூர்." ளகரம் வரவில்லை. அங்கே மழை பெய்யுமா என்று கேட்டார். கொஞ்சம்தான் என்றேன். தலையை ஆட்டினார். கார்டுக்கு அது தேவையே இல்லை, ஜில்லா பெயர் போதும். விண்ணப்பத்தில் நான்தான் போளூர் என்று எழுதினேன்.

இரண்டாம் செயலராக அங்கே இருந்தவர் பீகார்க்காரர். அந்தப் பையனுக்கு அவர்கள் பேசுகிற இந்தி என்னைவிட நன்றாகப் புரியும், அவன் ஊர்ப் போஜ்புரியின் சாயல் அதில். வாரத்துக்கு ஒரு கிர்மிட் பாஸாவது தன் மேஜைக்கு வர வேண்டும் என்று சொல்லி வைத்திருந்தான். தில்லிக்கு எழுதுகிற அரசியல் அறிக்கையைவிட அதில்தான் அவனுக்கு ருசி.

நல்லதை மட்டும் சொல்லக் கூடாது. 1984-ல் பர்மிங்காமில் ரவீந்திர மாத்ரே என்ற நம் அதிகாரியைக் கடத்திக் கொன்றார்கள். 2008 ஜூலை 7-ல் காபூல் தூதரக வாசலில் குண்டு வெடித்து, கவுன்சிலர் என்ற தூதரகப் பதவியில் இருந்த வெங்கடேஸ்வர ராவ், ராணுவ அட்டாஷே பிரிகேடியர் மேத்தா, காவலுக்கு இருந்த இந்தோ-திபெத் எல்லைப் படையினர் இருவர், விசாவுக்கு நின்ற ஆப்கானியர்கள் என்று ஐம்பதுக்கும் மேல் போனார்கள். உக்ரைனிலிருந்து 2022-ல் பிள்ளைகளைக் கூட்டி வந்தபோது எல்லையில் பனியில் நின்றவர்களும் இந்தச் சம்பளக்காரர்கள்தான். கடினமான ஊர் என்றால் இரண்டு வருடம், அதைச் செய்தால் அடுத்து கொஞ்சம் நல்ல ஊர் தருவார்கள் என்பது பொதுக்கணக்கு. கணக்கு எப்போதும் சரியாக வராது.

தில்லி முறை வரும்போது வெளிநாட்டுப் படி நின்றுவிடும். அங்கே காரில் கொடி, இங்கே ஆட்டோவில் பேரம். பிள்ளைகள் புதுப் பள்ளிக்கூடம். என் மகள் ஆறு பள்ளி மாறினாள். "உன் சொந்த ஊர் எது" என்று யாராவது கேட்டால் இன்றும் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வாள்.

இரண்டாம்_முயற்சி:

ஐயா, மேலே போனால் அரசியல்வாதிகளோடு எப்படி?

சுவா_முதல்_சைதை_வரை:

அது என் லெவல் இல்லை தம்பி. ஆனால் 1987 ஜனவரி எல்லாருக்கும் தெரியும். வெளியுறவுச் செயலர் ஏ.பி. வெங்கடேஸ்வரன் அதே மண்டபத்தில் உட்கார்ந்திருக்க, பத்திரிகையாளர் கூட்டத்தில் ராஜீவ் காந்தி, சீக்கிரம் புதுச் செயலரிடம் பேசுவீர்கள் என்றார். அவர் அன்றே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டார். இரண்டு வரிக்கு மேல் இருந்திருக்காது.

முத்துநகர்வாசி:

எல்லாருக்கும் நன்றி. தங்கை ராத்திரி முழுக்க இந்த இழையைப் படித்தாள். ஐ.எஃப்.எஸ். முதலில் என்று நிரப்பிவிட்டாள். நேர்முகத் தேர்வே இன்னும் முடியவில்லை, அது வேறு விஷயம்.

அம்மாவுக்குப் பாலைவனத்தான் எழுதியதைப் படித்துக் காட்டினேன். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் ஆகியிருந்ததா?" என்றார். தெரியாது என்றேன். கடைசியில் கேட்டது, "போகிற ஊரில் இட்லிக்கு மாவு அரைக்க முடியுமா?" சுவா ஐயா, இதற்குப் பதில் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

சுவா_முதல்_சைதை_வரை:

கிரைண்டர் வேண்டாம், மின்சார வோல்டேஜ் ஊருக்கு ஊர் மாறும். நல்ல மிக்ஸி போதும், அதுவும் தில்லியில் விசாரித்துவிட்டு. உளுந்து பெரும்பாலும் எங்கேயாவது கிடைத்துவிடும். கட்டிப் பெருங்காயம் எடுத்துப் போகலாம், வாசனை பெட்டி முழுக்க ஏறாமல் மூன்று கவர் போடச் சொல்லுங்கள். குக்கர் கேஸ்கெட் மட்டும் நாலு வாங்கி வையுங்கள். சுவாவில் ஒன்றுக்காக நான் இரண்டு மாதம் காத்திருந்தேன்.